உமிமேட்டு மில் படித்த வரலாறு

2019ஆம் ஆண்டு தை மாதம் உமிமேட்டு வித்தியாலயத்தில் முதலாந் தரத்துக்குச் சேர்ந்த ஒரே பிள்ளை அவ்வூர் அரிசி ஆலை. வரவு இடாப்பில் பத்தாவது பெயராக அது இருக்கிறது: வீரகத்தி கண்ணகை, பெண், பிறந்த ஆண்டு 2013, சமயம் சைவம். உயரம் என்ற கட்டத்தில் முகடு வரை இருபத்தெட்டு அடி என்றும் புகைபோக்கியைச் சேர்த்தால் நாற்பத்தொன்று என்றும் எழுதி, எது சரியென்று தீர்மானிக்க முடியாததால் இரண்டின் கீழும் கோடு போட்டிருக்கிறார்கள்.

உமிமேடு மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரை என்று சொல்லப்படும் பக்கத்தில் இருக்கிறது. 1956இல் கந்தப்போடி என்பவர் இங்கிலாந்தில் செய்த எஞ்சின் ஒன்றை வள்ளத்தில் ஏற்றிவந்து அங்கே ஆலை தொடங்கியபோது ஊர் என்று ஒன்று இருக்கவில்லை. சேறும் கண்டல் மரங்களும்தான் இருந்தன. ஆலையின் உமியை வாவிக் கரையோரமாகக் கொட்டினார்கள். நாலு வருடம் கொட்டியதில் அது மேடாகி, மேட்டின்மேல் ஆலைத் தொழிலாளர்கள் குடிசை போட்டார்கள், குடிசைகள் வீடுகளாயின. நிலம் உமி என்பதால் அவ்வூரில் விழுந்தவர்களுக்குக் காயம் வருவதில்லை. தென்னையிலிருந்து தேங்காய் விழுந்தால் சத்தம் கேட்பதில்லை, காலையில் தேடித்தான் எடுக்க வேண்டும். மாரியில் வீடுகள் ஓர் அங்குலம் அமிழும், கோடையில் அதே ஓர் அங்குலம் எழும்பும். கதவு இறுகினால் மழை வரப்போகிறது என்று அர்த்தம்.

பள்ளிக்கூடம் 1961இல் வந்தது. தொழிலாளர்களின் பிள்ளைகள் பகல் முழுவதும் தவிட்டுத் தொட்டியில் படுத்துறங்கி, மாலையில் எந்தப் பிள்ளை யாருடையது என்று தெரியாதபடி ஒரே நிறமாக எழும்பி வந்தார்கள். இரண்டு தடவை பிள்ளைகள் வீடு மாறிப் போய் ஒரு வாரம் கழித்தே கண்டுபிடிக்கப்பட்டதும், கந்தப்போடி தன் பழைய நெற்களஞ்சியத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். ஒன்றரை முழத் தடிப்பில் சுவர், ஒரே நீள அறை, பின்னாளில் வெட்டிய ஆறு யன்னல்கள். சுவர் வெடிப்புகளில் தங்கியிருந்த நெல் ஒவ்வொரு மாரியிலும் முளைத்தது. தை பிறந்ததும் நான்காம், ஐந்தாம் தரத்தார் வாங்குப் பலகையின்மேல் ஏறி நின்று சுவரை அறுவடை செய்த பிறகுதான் பாடம் தொடங்கும். அதிபர்களின் பதிவேட்டின்படி ஆகக் கூடிய விளைச்சல் 1978 புயலுக்கு அடுத்த தையில் கிடைத்தது. கூரை போயிருந்ததால் நல்ல வெயில் பட்டிருக்கிறது.

1990இல் ஆலை எரிந்தது. யார் எரித்தார்கள் என்பதில் ஊரில் இரண்டு கருத்து உண்டு, இரண்டையும் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. உமிமேடு அதன்பின் ஏழு வருடம் அடியில் கனன்றுகொண்டிருந்தது. முதலில் திரும்பி வந்த குடும்பங்கள் பானையை நிலத்தில் வைத்தே சோறாக்கினார்கள், விறகு தேவைப்படவில்லை. கந்தப்போடியின் மகள் வழிப் பேரன் வீரகத்தி 2013இல் பழைய அத்திவாரத்தின்மேல் புது ஆலை கட்டினார். அவருடைய மனைவி தெய்வமணி தேங்காய் உடைத்து, ஊர் அம்மனான கண்ணகையின் பெயரை அதற்கு வைத்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆலை ஓடத் தொடங்கியதும் ஊருக்குச் சனம் திரும்பியது. ஆனால் வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளை வாவிக்கு அப்பால், எழுவான்கரையிலுள்ள பெரிய பள்ளிக்கூடங்களில் விட்டார்கள். 2018 முடிவில் பழைய களஞ்சியத்தில் மிஞ்சியது ஒன்பது பிள்ளைகளும் யசோதினி என்ற ஓர் ஆசிரியையும். அதிபர், எழுதுவினைஞர், மணியடிப்பவர் எல்லாம் அவரேதான்.

அந்த மார்கழியில் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மாணவர் தொகை பத்துக்குக் குறைந்தால் பாடசாலை மூடப்படும், பிள்ளைகள் அக்கரைப் பாடசாலையில் சேர்க்கப்படுவார்கள். அக்கரைக்குப் போவதென்றால் பாதையில் போக வேண்டும். வாவியைக் கடக்கும் பெரிய மிதவைக்கு இப்பகுதியில் பாதை என்று பெயர். மாரியில் காற்று எழும்பினால் பாதை நடு வாவியில் நின்றுவிடும். அந்த ஒன்பது பேரில் நான்கு பேருக்கு ஏழு வயது ஆகவில்லை. யசோதினி வீடு வீடாகப் போய்ப் பத்தாவது பிள்ளையைக் கேட்டார். கிடைக்கவில்லை.

தைப் பொங்கல் கழிந்த திங்கட்கிழமை அவர் இடாப்பு எடுத்து ஒன்பது பெயர்களையும் கூப்பிட்டு முடித்தபோது, பக்கத்து வளவிலிருந்து ஆலை ஒரு தரம் ஊதியது. செவ்வாயும் ஒன்பதாவது பெயருக்குப் பிறகு ஊதியது. புதனும் ஊதியது. வியாழக்கிழமை யசோதினி பேனையைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாடம் கேட்கும் குரலிலேயே “கண்ணகை” என்றார்.

“இரிக்கன் டீச்சர்” என்றது ஆலை. சாக்கிலிருந்து நெல் சரிவது போன்ற குரல்.

பிள்ளைகளில் யாரும் ஆச்சரியப்படவில்லை. சிவானுஜா என்ற நான்காந் தரப் பிள்ளை மட்டும், “அது எங்கள விடப் பெருசு டீச்சர், பின்னுக்கு இரிக்கச் சொல்லுங்க” என்றாள்.

அன்று பள்ளி விட்டதும் யசோதினி சேர்வுப் படிவத்தோடு வீரகத்தியிடம் போனார். வீரகத்தி அறுபதை நெருங்கிய, கதைக்கிறதைவிடச் செருமுவது கூடுதலான மனிதர். அவர் படிவத்தை முழுதாக வாசிக்கவில்லை.

“பேருதானே டீச்சர். எழுதிக் கொள்ளுங்க. பள்ளிக்கூடம் பூட்டினா என்ட மில்லில வேல செய்யிற சனமும் எழும்பிப் போயிரும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கிராம உத்தியோகத்தர், கட்டடம் எழும்பிய ஆண்டை வைத்து உத்தேச வயதுச் சான்றிதழ் கொடுத்தார். படிவத்தில் பிள்ளை மனிதராக இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, அவர் இரண்டு தரம் தேடிப் பார்த்தாராம்.

கல்வி அதிகாரி நல்லரத்தினம் அடுத்த கிழமை பார்வையிட வந்தார். முப்பது வருடச் சேவையில் யானை புகுந்த பாடசாலை, வெள்ளத்தில் மிதந்துபோன பாடசாலை எல்லாம் பார்த்தவர். வாங்கில் இருந்தவர்களை எண்ணினார். ஒன்பது.

“பத்தாவது புள்ள எங்க?”

“வெளிய நிக்குது சேர். உள்ளுக்கு இடம் காணா” என்றார் யசோதினி.

நல்லரத்தினம் யன்னலால் எட்டிப் பார்த்தார். ஆலையும் தன் யன்னலால் அவரைப் பார்த்தது. “ரெண்டும் ரெண்டும்?” என்று கேட்டார். ஆலை கொஞ்சம் அதிர்ந்து, நாலு தரம் ஊதியது. அதிகாரி தன் குறிப்பில், பிள்ளைகள் பத்து, குடிதண்ணீர் உண்டு, யன்னல் ஒன்றுக்குக் கொளுக்கி இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சிக்கல் மாசியில் தொடங்கியது. பெரும்போக அறுவடை முடிந்து வட்டை வயல்களிலிருந்து நெல் வரத் தொடங்கியிருந்தது. உழவு இயந்திரங்கள் பெட்டி நிறைய நெல்லோடு ஆலை வாசலிலிருந்து கோயில் மதகு வரை வரிசையில் நின்றன. காலை ஏழரைக்கு யசோதினி மணியடித்தார். ஆலை பாதி மூட்டையில் நின்றது. பிற்பகல் ஒன்றரைக்குப் பள்ளி விட்டதும் தானாகவே ஓடத் தொடங்கியது. மறுநாளும் அப்படித்தான். வீரகத்தி சுவிட்சைப் போட்டார், எஞ்சினைக் கையால் சுற்றினார், இரண்டு தரம் காலால் உதைத்தார். சித்தாண்டியிலிருந்து ரதீஸ் என்ற மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். ரதீஸ் எஞ்சினின் ஒவ்வோர் ஆணியையும் கழற்றிப் பூட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, “மெசினில பிழை ஒண்டும் இல்ல முதலாளி. புள்ள பள்ளிக்கூடத்தில நிக்குது” என்று சொல்லித் தன் சாமான்களைக் கட்டினார்.

வீரகத்தி பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். மூன்றாந் தரத்துக்கு ஏழாம் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது.

“டீச்சர், பேர வெட்டுங்க.”

“வெட்டலாம் முதலாளி. விடுகைப் பத்திரம் எழுத வேணும். இனி எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகுது எண்டு அதில ஒரு கேள்வி இரிக்கு.”

“மில் எங்க போற? மில் மில்லாத்தான் நிக்கும்.”

“அப்ப வெட்ட ஏலா” என்றார் யசோதினி. அவருடைய கையிலிருந்த வெண்கட்டி இரண்டாக முறிந்தது. பெயர் வெட்டப்பட்டால் பாதையில் ஏறப்போகும் ஒன்பது பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீரகத்தி கோபத்தோடு திரும்பி, ஓர் உழவு இயந்திரத்தின் சில்லோடு ஆலையின் பட்டியைக் கொளுவி, பள்ளி நேரத்திலேயே இழுத்து ஓட வைத்தார். ஆலை ஓடியது. ஆனால் ஊரில் இருந்த அத்தனை பேருக்கும் காது இரைந்தது. வந்து விழுந்ததும் அரிசி இல்லை, நெல் போனபடியே நெல்லாக வந்தது, சற்று ஈரமாக. இரண்டாம் நாள் ஒன்பது பிள்ளைகளும் கையெழுத்திட்ட முறைப்பாடு பிரதேச செயலகத்துக்குப் போனது. மூன்றாம் நாள் சிறுவர் உரிமை உத்தியோகத்தர் நிஸ்மியா, காத்தான்குடியிலிருந்து ஸ்கூட்டியில், பாதையில் வாவியைக் கடந்து வந்து இறங்கினார்.

“பதினாலு வயசுக்குக் குறைஞ்ச புள்ளய வேலைக்கு வெச்சிரிக்கிறீங்க எண்டு முறைப்பாடு வந்திரிக்கி ஐயா.”

“தங்கச்சி, அது மில்.”

நிஸ்மியா கோப்பைத் திறந்து வயதுச் சான்றிதழைக் காட்டினார். “ஆறு வயசு. பள்ளிக்கூடம் போற புள்ள. உங்கட கையெழுத்துத்தானே இது?”

வீரகத்தி செருமினார். நிஸ்மியா சட்டத்தை ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். கூலி வாங்கிக்கொண்டு பிள்ளையை வேலை செய்விக்கக் கூடாது. பாடசாலை விட்டு வந்து, வீட்டுப்பாடம் முடித்து, பிள்ளைக்கு விருப்பமிருந்தால் சொந்தக்காரருக்கு வீட்டு வேலையில் ஒத்தாசை செய்யலாம். அதை யாரும் தடுக்க முடியாது. இதை வரிசையில் நின்ற கமக்காரர்கள் கவனமாகக் கேட்டார்கள். அன்று பிற்பகல் முதல் நெல் கொண்டுவந்த எல்லோரும் சொந்தக்காரர்களாகவே வந்தார்கள். “நான் புள்ளைக்கு மாமி முறை” என்று ஒருத்தி பத்து மூட்டையோடு வந்தாள். வாகரைப் பக்கமிருந்து காடு வெட்டிய சேனையில் விளைந்த சோளம் கொண்டுவந்தவர் சின்ன தாத்தா ஆனார். கல்குடாவிலிருந்து கருவாடு கொண்டுவந்து அரிசியோடு திரும்பியவர் தாய்மாமன் என்றார். மூன்று தாய்மாமன்கள் ஏற்கெனவே பதிந்திருந்ததால் அவருக்குப் பெரியப்பா முறை கொடுக்கப்பட்டது. சொந்தக்காரர் வெறுங்கையோடு வருவதில்லை என்பதால் ஆலைக்கு டீசலும் வீரகத்தியின் வீட்டுக்கு மீனும் தயிரும் பூசணிக்காயும் வந்தபடி இருந்தன. உமிமேட்டில் பழைய பகை வைத்திருந்த இரண்டு குடும்பங்கள் இப்படித்தான் சம்பந்தி முறையாகி, வேறு வழியில்லாமல் கதைக்கத் தொடங்கின.

தெய்வமணிக்கு இதில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. சீருடைத் துணி வந்தபோது அது புகைபோக்கியின் அடியைக்கூடச் சுற்றக் காணவில்லை. அவர் அதில் ஒரு கழுத்துப்பட்டி தைத்துக் கூரை முகப்பில் கட்டிவிட்டார். இரண்டு நீலநிற ரிபன் வாங்கி இரண்டு காற்றாடிக் குழாய்களிலும் முடிந்தார். காலையில் பட்டிகளுக்கு எண்ணெய் பூசும்போது “அசையாம நில்லுகா” என்று அதட்டுவது ஊருக்கே கேட்கும். மட்டக்களப்பில் பெண்பிள்ளைக்குத் தாய் வழியில் ஒரு வீடு கொடுக்க வேண்டும் என்பது முறை. பக்கத்து வீட்டார் அதைப் பகிடியாகக் கேட்டபோது, “இது வீட்டோடதான் பிறந்திரிக்கு, எனக்குக் கவலை இல்ல” என்றார்.

ஆலை படிப்பில் நடுத்தரமாகத் தொடங்கி மெல்ல முன்னுக்கு வந்தது. அரிசி சலிக்கும் சல்லடையின் நுனியில் யசோதினி ஒரு பென்சிலைக் கட்டிவிட்டார். எழுத்து நடுங்கும், ஆனால் வரிசை பிசகாது. சுகாதாரப் பரிசோதகர் நிறை பார்க்க வந்து, தராசைக் கீழே வைத்துப் பார்த்துவிட்டு, திரும்ப எடுத்துப் பெட்டியில் போட்டு, நிறை போதுமானது என்று எழுதினார். ஊசி போட்ட அன்று ஆலை அழுதது. அன்று அரைத்ததெல்லாம் குறுணல், ஊர் முழுக்கக் கஞ்சிதான். விளையாட்டுப் போட்டியில் ஓட்டத்தில் கடைசி. சாக்கோட்டத்தில் மற்றவர்கள் ஆளுக்கொரு சாக்கோடு தடுக்கி விழுந்து எழும்ப, இது நின்ற இடத்திலேயே நூற்றிருபது சாக்கை முடித்துவிட்டதால் நடுவர்கள் முதற்பரிசு கொடுத்தார்கள்.

பெற்றோர் கூட்டத்துக்கு முதல் ஆண்டு தெய்வமணி தனியாகப் போனார். இரண்டாம் ஆண்டு வீரகத்தியும் போனார், மனைவியின் கால் நோவைச் சாட்டி. ஏழு வயதுப் பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் நாடியில் முட்ட இருந்தார்.

“கணக்கு நல்லம். சுற்றாடல் நல்லம். வகுப்பில கதை கூட” என்றார் யசோதினி.

“யாரோட கதைக்கிற?”

“பள்ளிக்கூடத்தோட. சுவரும் சுவரும் பக்கத்தில பக்கத்திலதானே.”

வீரகத்தி வீட்டுக்குப் போகும் வழியில் ஆலையைத் தாண்டும்போது நின்று, “கதையக் குறை” என்று மட்டும் சொன்னார். ஆலையோடு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

பிறகு தொற்றுநோய் வந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடம் கைபேசியில் வந்தது. தெய்வமணி தன் கைபேசியை நெல் நிறுக்கும் கொளுக்கியில் தொங்கவிட்டார். படம் அடிக்கடி நின்றுவிடும், அதற்கேற்ப ஆலையும் நின்று நின்று ஓடியது. அந்த வருட அரிசி ஒரு பிடி வெள்ளை ஒரு பிடி தவிட்டு நிறமாக இருந்ததற்குக் காரணம் இதுதான். சந்தையில் யாரும் முறைப்பாடு சொல்லவில்லை.

2022இல் நாட்டில் டீசல் இல்லாமல் போனது. வைகாசி, ஆனி மாதங்களில் எரிபொருள் நிலையங்களில் வாகனங்கள் நாட்கணக்கில் நின்றன. ஆலை நின்றது வேலைக்கு மட்டும் அல்ல. இடாப்புக் கூப்பிடும்போது அதன் குரல் சாக்கின் அடியில் ஒட்டியிருக்கும் நாலைந்து நெல்மணி விழுவதுபோல் இருந்தது. நான்காம் நாள் குரல் வரவில்லை. யசோதினி பெயரை இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு, சுகவீனம் என்று பென்சிலால் எழுதினார். வெள்ளைக் கழுத்துப்பட்டி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. தெய்வமணி சுவரில் கை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது.

வீரகத்தி அன்று ஒரு வெறும் டீசல் கானை எடுத்துக்கொண்டு பாதையில் வாவியைக் கடந்து, பிரதான வீதியில் எரிபொருள் நிலைய வரிசையின் கடைசியில் போய் நின்றார். கடைசி என்பது நிலையத்திலிருந்து இரண்டு மைல். கானுக்குக் கொடுக்க மாட்டோம், வாகனத்துக்குத்தான் என்று சொன்னார்கள். அவர் போகவில்லை. மூன்று நாள் வெயிலில் நின்றார். அவ்வளவு காலமும் அவர் யாரிடமும் ஒன்றைக் கேட்டு நின்றதை ஊர் கண்டதில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், முன்னால் நின்ற பஸ் சாரதி தண்ணீர்ப் போத்தலை நீட்டி, எதற்கு இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்று கேட்டார்.

“புள்ள சாப்பிட்டு ஒரு கிழமையாகுது” என்றார் வீரகத்தி.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்குத் தெரிந்தது. பஸ் சாரதி அதை முன்னால் நின்றவரிடம் சொன்னார். வரிசையில் செய்தி முன்னோக்கிப் போனது: பின்னால ஒருத்தர் நிக்கிறார், பிள்ளைக்குச் சாப்பாடில்லையாம். லொறிக்காரர்களும் ஓட்டோக்காரர்களும் ஒவ்வொருவராக விலகி அவரை முன்னே விட்டார்கள். நிலையத்தில் இருந்தவர், பிள்ளைக்கு டீசல் ஏன் என்று கேட்க வாயெடுத்து, வீரகத்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கானை நிரப்பினார். அவர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பி, புனலைப் பிடித்து, சூடாக்கிய பாலைப் பருக்குவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். எஞ்சின் இரண்டு தரம் இருமியது. பிறகு ஆலை மெல்லிய குரலில், “இண்டைக்கு என்ன பாடம் நடந்த?” என்று கேட்டது.

“எனக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டு வாறன்” என்று சொல்லி வீரகத்தி பள்ளிக்கூடத்துக்குப் போனார். அன்றுமுதல் ஊரில் யாரும் அதை அது என்று சொல்வதில்லை, அவள் என்றே சொல்கிறார்கள்.

2023இல் கண்ணகை ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினாள். பரீட்சை மண்டபத்துக்குப் போக இயலாத பிள்ளை என்பதால் இரண்டு மேற்பார்வையாளர்கள் அவளிடமே வந்து, வினாத்தாளைச் சல்லடையில் விரித்து, மற்றவர் பார்த்து எழுதாதபடி பெரிய கதவைச் சாத்தினார்கள். மற்றவர் என்று யாரும் இல்லை, ஆனால் விதி அது. பெறுபேறு வந்தபோது வெட்டுப்புள்ளிக்குமேல் ஆறு புள்ளி இருந்தது. உமிமேட்டு வித்தியாலயத்தின் அறுபத்திரண்டு வருட வரலாற்றில் புலமைப்பரிசில் சித்தியடைந்த முதற்பிள்ளை அவள். யசோதினி பெறுபேற்றுத் தாளை வைத்துக்கொண்டு களஞ்சியத்துச் சுவரோடு சாய்ந்து அழுதார், அது பங்குனி வெயிலாக இருந்தும் அவர் சாய்ந்த இடத்தில் நெல் முளைத்தது. ஒரு மில்லையே பாஸாக்கின டீச்சர் எங்கட பிள்ளையையும் பாஸாக்குவா என்று, அக்கரையில் விட்டிருந்த ஐந்து குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவந்தன. பள்ளிக்கூடத்தை மூடும் பேச்சு அதோடு முடிந்தது.

அதன் பிறகு வந்த கடிதம்தான் ஊரைக் கலக்கியது. மட்டக்களப்புப் பட்டினத்தில் ஒரு பெரிய பெண்கள் பாடசாலையில் ஆறாந் தரத்துக்கு அனுமதி கிடைத்திருந்தது. விடுதி வசதி உண்டு. தகப்பன் கையெழுத்திட்டால் போதும். மாமிமாரும் தாய்மாமன்மாரும் பெரியப்பாவும் வீரகத்தியின் வாசலில் கூடினார்கள். மில் போனால் நெல்லை எங்கே கொண்டுபோவது, உமியே விழாவிட்டால் மேடு கரைந்துபோகாதா, பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்றெல்லாம் கேட்டார்கள். கடைசிக் கேள்வியைக் கேட்டவரைத் தெய்வமணி ஒரு பார்வை பார்த்ததில் அவர் கூட்டத்தின் பின்பக்கம் போய்விட்டார். யசோதினியும் வாசற்படியோரம் வந்து நின்றார். போகச் சொன்னால் ஊருக்குத் துரோகம், நிற்கச் சொன்னால் பிள்ளைக்குத் துரோகம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வீரகத்தி கடிதத்தை மடித்துக்கொண்டு ஆலைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். 

“போக விருப்பமா?” என்று கேட்டார்.

சக்கரங்கள் ஒரு சுற்றுச் சுற்றி நின்றன. “அங்க விஞ்ஞான கூடம் இரிக்காம்” என்றாள் கண்ணகை. கொஞ்சம் பொறுத்து, “நீங்க என்ன செய்வீங்க?” என்றாள்.

“நான் என்ன செய்யிற. வயசு போன ஆக்கள் சும்மா இரிக்கிறதுதானே.” அவர் பேனையை எடுத்தார். சாய்த்து எழுத ஒரு பலகை இல்லாததால் அவளுடைய சுவரிலேயே வைத்துக் கையெழுத்திட்டார். வெளியே வந்தபோது அவருடைய முகத்தில் தவிடு படிந்திருந்தது, கண்ணுக்குக் கீழே இரண்டு இடத்தில் மட்டும் இல்லை.

போகும் நாள் காலை எட்டு மணிக்குக் கண்ணகை எழும்பினாள். ஐந்து வருடம் பாடம் கேட்டுக்கொண்டு ஒரே இடத்தில் நின்றதால் முதல் இரண்டு அடி தடுமாறினாள், உமி என்பதால் ஒன்றும் ஆகவில்லை. பாதைக்காரர் ஒரு பஸ், நாலு மோட்டார் சைக்கிளுக்குமேல் ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனவே அவள் நான்கு சுவர்களையும் முழங்கால் அளவுக்குத் தூக்கிக்கொண்டு வாவியில் இறங்கினாள். வாவி அந்த இடத்தில் ஆழம் இல்லை. முன்னால் ஒரு தோணியில் வீரகத்தியும் தெய்வமணியும் புதுச் சூட்கேசோடு போனார்கள், பின்னால் ஊர். காத்தான்குடி வீதியில் புடவைக் கடைக்காரர்கள் வெயில் மறைப்புகளைச் சுருட்டி வழி விட்டார்கள். நிஸ்மியா தன் வீட்டு வாசலில் நின்று கை காட்டினார், பள்ளி நேரத்தில் பிள்ளை ஏன் வெளியே என்று கேட்கவில்லை, கடிதம் அவருக்கும் வந்திருந்தது. கல்லடிப் பாலத்தில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நடந்தாள். விடுதியில் சேர்ந்தபோது நெல் கொட்டும் வாயில் மூன்று கிலோ இறால் இருந்தது. அதை விடுதிச் சமையலறைக்கே கொடுத்துவிட்டார்கள். விடுதிப் பொறுப்பாளர் றஸீனா என்பவர், கட்டிலுக்குள் அடங்காத பிள்ளை என்பதால் மைதானத்தின் வடக்கு மூலையைக் கொடுத்து, நுளம்பு வலை மட்டும் தன்னிடம் இல்லை என்றார்.

உமிமேட்டார் இப்போது நெல்லைக் காயவைத்துக் கட்டி வைக்கிறார்கள். சித்திரை, ஆவணி, மார்கழி விடுமுறைகளில் கண்ணகை ஊருக்கு வருவாள், இரண்டு நாள் தூங்குவாள், பிறகு முழுவதையும் குத்திக் கொடுத்துவிட்டுப் போவாள். அறுவடைக்கும் விடுமுறைக்கும் இடையில் சில கிழமை பொருந்தாது. அந்த நாட்களில் ஊர் பிட்டுக்குப் பதிலாக மரவள்ளிக் கிழங்கு சாப்பிடுகிறது, அதற்கும் பழகிவிட்டது. ஆலை நின்ற வெறுந்தரையில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்.

விடுதியில் மாதத்தின் கடைசி ஞாயிறு பெற்றோர் பார்க்கும் நாள். வீரகத்தி ஒரு கான் டீசலும் தெய்வமணி செய்துகொடுத்த எள்ளுருண்டையும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வருவார். எள்ளுருண்டை அவளுடைய சிநேகிதிகளுக்கு. போன மாதம் வாசலில் புதிய காவலாளி ஒருவர் இருந்தார். அவர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“யாரப் பாக்க?”

“வீரகத்தி கண்ணகை. ஆறாந் தரம்.”

“நீங்க ஆரு?”

“தகப்பன்.”

காவலாளி அதை எழுதினார். மைதானத்துப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, கானை நிழலில் வைக்கச் சொன்னார். “கொஞ்சம் இரிங்க ஐயா. புள்ள தலைக்குக் குளிச்சிட்டு நிக்கிது, காயட்டும்.”